பழுப்பேறிய வாழை நாரை வெளுக்கலாமா?

கேள்வி: தார் வெட்டிய வாழை மரங்களிலிருந்து இயந்திரம் வைத்து நார் எடுக்கிறேன். நார் பழுப்பேறி விறைப்பாக இருக்கிறது, நூற்க உதவாது என்று வாங்குபவர் திருப்பிவிட்டார். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிறம் வெளுக்கும், கூடவே நாரின் வலுவும் போய்விடும். இந்தப் பழுப்பு வாழைக் கறைதான். வெட்டிய மட்டையின் சாறு காற்றுப் பட்டதும் கருக்கத் தொடங்குகிறது. மரத்தைச் சாய்த்த அன்றோ மறுநாளோ நார் எடுத்துவிட வேண்டும். குவித்துப் போட்டுவிட்டு ஆள் கிடைக்கும் நாளுக்குக் காத்திருந்தால் கறை நாருக்குள் இறங்கிவிடும். பிறகு எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போகாது.

இயந்திரத்திலிருந்து வந்த நாரை உடனே நல்ல தண்ணீரில், சாறு தெளியும்வரை அலசுங்கள். துருப்பிடித்த தொட்டி, இரும்புக் கம்பிக் கொடி இரண்டும் வேண்டாம். இரும்பு பட்டால் கறை கறுப்பாகவே மாறும். ஈரம் இருக்கும்போதே சீவி, நைலான் கயிற்றில் நிழலில் காய விடுங்கள்.

விறைப்புக்குக் காரணம் வேறு. ஒரு கற்றையை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். செதில் செதிலாக ஏதாவது உதிர்ந்தால், மட்டையின் சதை முழுதும் சுரண்டப்படவில்லை என்று பொருள். அந்தச் சதை காயும்போது பசைபோல இழைகளை ஒட்டிவிடுகிறது. இயந்திரத்தில் மட்டையைச் சுரண்டும் உருளைக் கத்திக்கும், மட்டையைத் தாங்கிப் பிடிக்கும் தகட்டுக்கும் இடையிலான இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். நார் அறுபடத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

எல்லா மட்டைகளையும் கலந்து விடுகிறீர்கள் என்றும் நினைக்கிறேன். வெளிமட்டை நார் முரடு. கயிறு, பாய், காகிதத்துக்கு உகந்தது. உள்ளே போகப் போக நார் மெலிந்து மென்மையாகும். நூலுக்கு உரியது அதுதான். பிரித்து எடுத்து, பிரித்தே கட்டுங்கள். பல நூறு கிலோ மரத்திலிருந்து சில கிலோ நார்தான் கிடைக்கிறது. அதையும் கலந்து தரம் இழக்க விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

சுத்தமான நாரிலும் பெக்டின் என்ற இயற்கைப் பசை மிஞ்சியிருக்கும். நூற்பதற்கு முன் நொதியிலோ (என்சைம்) மிதமான காரக் கரைசலிலோ அதை நீக்குவார்கள். வெளுப்பதாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். அந்த வேலையை ஆலையிடமே விட்டுவிடுங்கள். காரக் கழிவுநீர் வயலுக்குள் வரக் கூடாது.

இப்போது கையில் இருக்கும் பழுப்பு நாரை வீணாக்க வேண்டாம். பிசினோடு சேர்த்துப் பலகை வார்ப்பவர்களுக்கு நிறம் பெரிதல்ல, ஈரம்தான் எதிரி. ஈர நாரில் பிசின் பிடிக்காது, உள்ளே குமிழி விழும். நன்றாக உலர்த்தி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தில் சேரும் சக்கையில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஏராளம். மண்புழு உரமாக்கி வாழைக்கே போடுங்கள்.