ஓடையில் கண்ட மீன் எங்கே போனது?

கேள்வி: அமெரிக்காவில், பஃபலோ நகருக்குத் தெற்கே ஈரி ஏரிக்கு அருகில் குடியிருக்கிறோம். மே மாதக் கடைசியில் கட்டராகஸ் ஓடை தெளிந்திருந்த ஒரு நாள், முழங்கால் ஆழத் தண்ணீரில், சரளைக் கற்களைத் துலக்கி வைத்தாற்போன்ற ஒரு வட்டத்தின் மேல் பழுப்பு நிற மீன் ஒன்று நகராமல் நிற்பதை நானும் என் மகனும் பார்த்தோம். அது ஸ்மால்மவுத் பாஸ் என்று கரையில் இருந்தவர் சொன்னார். ஆகஸ்டில் அதே இடத்துக்குப் போனபோது விரல் நீளக் குஞ்சுகள் மட்டுமே இருந்தன. பெரியவற்றையெல்லாம் பிடித்துத் தீர்த்துவிட்டார்களா?

பதில்: கவலைப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஏரியிலிருந்து முட்டையிட வந்த மீனாகவே இருக்கும். வந்த வேலை முடிந்ததும் அது ஏரிக்கே திரும்பியிருக்கும். ஆழமற்ற ஓடைத் தண்ணீர் சில நாள் வெயிலிலேயே சூடேறிவிடும். பனிக்காலக் குளிரைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய ஏரியோ அதே சூட்டுக்கு வரப் பல வாரம் எடுத்துக்கொள்ளும். ஓடையின் தண்ணீர் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸைத் தொடும்போது இந்த மீன்கள் மேலேறத் தொடங்கி, 15 டிகிரியைத் தாண்டிய பிறகு முட்டையிடுகின்றன. முந்திப் பிறந்த குஞ்சு குளிர்காலத்துக்கு முன் கூடுதலாக வளர்ந்து, உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சில வார முன்னிலை அதற்கு உயிர்க்காப்பு.

நீங்கள் பார்த்த வட்டம் அதன் கூடு. ஆண் மீன் வாலை வீசி வண்டலை விலக்கி, கற்கள் பளிச்சென்று தெரியும்வரை குழி பறிக்கிறது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுவதும் தகப்பனுடையதுதான். முட்டைகள் மேல் சேறு படியாதபடி துடுப்புகளால் விசிறிக்கொண்டும், நெருங்கி வரும் மீன்களைத் துரத்திக்கொண்டும், அரைகுறையாக இரை தின்றுகொண்டும் அது வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். பொரித்த குஞ்சுகள் சில நாள் கற்களின் இடுக்கில் கிடந்துவிட்டு, பிறகு மை கொட்டினாற்போன்ற கருங்கூட்டமாக மேலெழும்பும். குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விராலை ஊர்க் குளத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

கோடையில் ஓடை வற்றிச் சுருங்கும்போது, பெரிய மீன்களுக்கு வேண்டிய ஆழமும் இரையும் அங்கே போதாது. ஏரியிலோ நண்டுபோலக் கொடுக்குள்ள கிரேஃபிஷும், கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியிலிருந்து கப்பல்கள் நிலைகுலையாமலிருக்க அடியில் நிரப்பிவரும் தண்ணீரோடு வந்து 1990இல் முதன்முதலாக, ஈரி உள்ளிட்ட பேரேரிகளின் பகுதியில் தென்பட்ட ரவுண்ட் கோபி என்னும் சிறுமீனும் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. குஞ்சுகளுக்கு ஆழமில்லாத ஓடையே பாதுகாப்பு. ஆகவே அவை பின்தங்குகின்றன. நீங்கள் ஆகஸ்டில் கண்டவை அவைதாம்.

மகன் தூண்டில் போடுபவரானால் ஒன்றை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கூட்டின் மேல் நிற்கும் மீனைப் பிடித்துவிட்டு உடனே விட்டுவிட்டாலும் தீங்கு தீங்குதான். காவல் நிற்கும் ஆண் பசியால் அல்ல, கூட்டைக் காக்கும் வேகத்தில் தூண்டிலைக் கடிப்பதால் அதைப் பிடிப்பது மிக எளிது. அது இல்லாத சில நிமிடங்களுக்குள் கோபிகள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்பதை ஈரி ஏரியிலேயே ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வளர்ந்த மீனுக்கு இரையாகும் அதே கோபி, அதன் பிள்ளைகளுக்கு எமன். விதிகள் இடத்துக்கு இடம் மாறும்; விதி இடம் கொடுத்தாலும் கூட்டு மீனைத் தொடாமல் விடுவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஆற்றிலேயே வாழும் ஸ்மால்மவுத் பாஸும் இப்படி இடம் மாறுமா? குளிர்காலத்தில் இவை எங்கே இருக்கின்றன?

பதில்: மாறும். விஸ்கான்சின் மாநிலத்தில் எம்பரஸ் என்னும் சிறிய ஆறு உல்ஃப் என்னும் பெரிய ஆற்றில் கலக்கிறது. 1990இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இலையுதிர்காலத்தில் தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் எம்பரஸில் கோடையைக் கழித்த வளர்ந்த மீன்கள் 60 கிலோமீட்டருக்கும் மேல் கீழ்நோக்கிப் பயணம் செய்து, உல்ஃப் ஆற்றில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் திரும்பின.

காரணம் மீனின் உடம்பில் இருக்கிறது. தண்ணீர் குளிரக் குளிர அதன் தசை வேகம் குறைந்து, நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் வலு போய்விடுகிறது. 5 டிகிரிக்குக் கீழே அது ஏறக்குறைய உறங்கியே கிடக்கும். ஆகவே நீரோட்டம் தாக்காத ஆழ்மடுவும் பாறை இடுக்கும் அதற்கு வேண்டும். அடிவரை பனிக்கட்டி பிடிக்கக்கூடிய சிற்றாற்றில் அத்தகைய இடம் அரிது. ஆழ்மடுக்கள் அருகிலேயே வாய்த்த ஆறுகளில் இவை அதிக தூரம் போவதில்லை. பழகிய இடத்தையே நாடும் குணமும் இவற்றுக்கு உண்டு: ஒன்டாரியோவின் அல்கோன்குயின் பூங்காவிலுள்ள ஓபியோங்கோ ஏரியில், ஆண் மீன்களில் பெரும்பாலானவை முந்தைய ஆண்டுக் கூட்டுக்கு மிக அருகிலேயே மீண்டும் கூடு அமைத்தன.

இதனால்தான் நடுவழியில் நிற்கும் ஓர் அணை இந்த மீனுக்குப் பெரிய செய்தியாகிறது. முதல் வாசகர் சொன்ன கட்டராகஸ் ஓடையில், ஸ்பிரிங்வில் அணைக்கு மேலே ஏரி மீன் எதுவும் ஏற முடியாது. விஸ்கான்சினில் அப்படி ஓர் அணை குறுக்கே இருந்திருந்தால், அந்த மீன்களுக்குக் கோடை வீடு இருந்தும் குளிர்கால வீடு இல்லாமல் போயிருக்கும்.

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில் இதே மீனைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். ஏன்?

பதில்: ராக்கி மலைகளுக்கு மேற்கே இது சொந்த மீன் அல்ல; மனிதர்கள் கொண்டுபோய் விட்டது. அங்கும் அதன் பழக்கம் மாறவில்லை. வசந்தத்தில் கொலம்பியா ஆற்றிலிருந்து முட்டையிடுவதற்காக யாகிமா ஆற்றின் கீழ்ப்பகுதிக்குள் ஏறுகிறது. சினூக் என்னும் சால்மன் வகை மீனின் குஞ்சுகள் கடலை நோக்கி இறங்கும் பருவமும் அதுவே என்பதால், மேலேறும் பாஸுக்கு அவை இரையாகின்றன.

அண்டை மாநிலமான ஆரிகனின் ஜான் டே ஆற்றில் இந்த மீன் எவ்வளவு தூரம் மேலேறும் என்பதைத் தண்ணீரின் சூடுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. பனி உருகிய குளிர்ந்த தண்ணீர் இறங்கும் மேற்பகுதி இன்னும் சால்மன் குஞ்சுகளுக்குப் புகலிடம். ஆறு சூடாகச் சூடாக அந்தப் புகலிடம் சுருங்கும். அதனால் அங்கே கரையோரங்களில் மரங்களை வளர்த்து ஆற்றுக்கு நிழல் தருவது, பாஸ் மீன் மேலேறுவதை மட்டுப்படுத்தும் வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.