மொட்டைமாடியில் லெட்யூஸ் என்னும் சாலட் கீரை: கேள்வி பதில்

வேளச்சேரி: அக்கா, செப்டம்பரில் மூன்று முறை விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை மோசமா?

விதையைத் திட்டாதீர்கள். சூடு 30 டிகிரியை நெருங்கினால் லெட்யூஸ் விதை சாகாது, தூங்கிவிடும். செப்டம்பரில் உங்கள் மாடி மண் தொட்டாலே சுடுமே, அது எப்படி எழுந்திருக்கும்? ஈர டிஷ்யூ பேப்பரில் விதையைத் தூவி மடித்து, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அப்புறம் வீட்டுக்குள் வெயில் படாத, வெளிச்சமான மூலையில் வைத்தால் நூல் நுனி மாதிரி வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். உடனே தென்னை நார்க்கழிவு நிரப்பிய தட்டுக்கு மாற்றிவிடுங்கள். தாமதித்தால் வேர் காகிதத்தில் ஏறிவிடும், எடுக்கும்போது பிய்ந்துபோகும். மேலே மண் போட்டு மூடாதீர்கள்! இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். விரலால் லேசாக அழுத்தினால் போதும். சமவெளியில் நான் தீபாவளியை ஒட்டி விதைப்பேன். மாசி பிறப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

ஈரோடு: முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் ஐஸ்பெர்க் ரக லெட்யூஸ் இங்கே உருண்டை கட்டுமா?

ஊட்டிக் குளிரில் கட்டும். உங்களுக்கு இலை இலையாக விரியும் ரகம்தான் சரி.

திருச்சி: நன்றாக வந்த செடி திடீரென்று ஒரு முழம் உயர்ந்துவிட்டது. இலை கசக்கிறது. உரம் குறைவா?

உரமில்லை, வெயில். சூடு ஏறியதும் செடி பூக்கக் கிளம்பிவிட்டது. தண்டைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளையாகப் பால் வடியும். கசப்பு அதில்தான். இனி நிழல்வலை போட்டும் பயனில்லை, பிடுங்கிவிடுங்கள். விதை வேண்டுமென்றால் கடைசியாகப் பூக்கும் செடியிலிருந்து எடுங்கள். முதலில் பூத்ததில் எடுத்தால் அந்த அவசரமும் கூடவே வரும்.

காரைக்குடி: விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது அக்கா.

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள். மண்ணைப் போட்டு மூடினீர்களா?

தஞ்சாவூர்: அம்மா, அரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் இருக்க இந்தச் சீமைத் தழை எதற்கு? கடையக்கூட முடியாது.

ஐயா, சீமைச் சரக்கு வேண்டாமென்றால் உங்கள் குழம்பிலிருந்து மிளகாயையும் தக்காளியையும் முதலில் எடுக்க வேண்டும். அரைக்கீரையின் சத்தில் உங்களோடு எனக்கு வாதமில்லை. கோடையில் என் மாடியிலும் அதுதான். ஆனால் லெட்யூஸைப் பச்சையாகத்தான் தின்ன வேண்டும் என்று யார் சொன்னது?

தஞ்சாவூர்: கடைந்து பார்த்தீர்களா?

பார்த்தேன். பாசிப்பருப்போடு. தண்ணீராக ஓடியது, வீட்டில் யாரும் தொடவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

பினாங்கு: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே சீனர் கடைகளில் பூண்டு போட்டு வதக்கித்தான் கொடுப்பார்கள். அருமையாக இருக்கும்.

அப்படிச் சொல்லுங்கள்! சட்டி நன்றாகக் காய வேண்டும், பூண்டு சிவக்க வேண்டும், இலை அரை நிமிடத்துக்கு மேல் அடுப்பில் இருக்கக் கூடாது. நடுக்காம்பு கறுக்கென்று கடிபடும்.

தஞ்சாவூர்: அதே பூண்டில் அரைக்கீரையை வதக்கினால் இன்னும் ருசி.

ஐயா, உங்களுக்கு ஒரு பாக்கெட் விதை கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

சேலம்: இலைக்கு அடியில் பச்சையாக அசுவினி.

தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள். கழுவித் தின்னுங்கள்.

நாகர்கோவில்: விதைத்து எட்டு நாளாகிறது, ஒன்றும் வரவில்லை…

மூடினீர்களா?

நாகர்கோவில்: அரை அங்குலம்தான் அக்கா.