வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மேற்படிப்புக்கு யோசனை கேட்டுக் கரூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, ப்ளஸ் டூ முடித்த மகள். அப்பா பத்துத் தையல் மிஷின் போட்டு, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலையும் மேஜை விரிப்பும் தைத்துக் கொடுக்கிறார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மதிப்பெண் பட்டியலோடு வீட்டுப் பத்திரத்தின் நகலும் இருந்தது. பத்திரம் எதற்கு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இன்ஜினியரிங்ல சி.எஸ்., அதான் கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டாவில சீட்டு இருக்குதுங்க சார். நாலு வருசத்துக்கும் சேர்த்துப் பத்து லட்சம் ஆகும். பேங்க்ல பேசிட்டேன். பாப்பாதான் வெப்சைட் டிசைன் பண்றேன், ஃப்ரீலான்ஸா, சொந்தமா வேலை எடுத்துப் பண்றேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாக் கேட்டுக்கும்."

பாப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமன் தினமும் போன் போட்டு, சி.எஸ். இல்லாவிட்டால் எதிர்காலமே இல்லை என்கிறாராம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் குரல் கம்மிவிட்டது. முதல் ஐந்து நிமிடம் நானும் வழக்கம்போல, பயப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா அமையும் என்றுதான் பேசினேன். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதன் பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து லட்சம் கடன், வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டரை லட்சமாக நான்கு வருடம் வாங்குகிறீர்கள். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்வார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் வட்டிக்கு விடுமுறை கிடையாது. முதல் இரண்டரை லட்சத்துக்கு 5 வருட வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, கடைசிக்கு 2. தனிவட்டியாகப் போட்டாலே மூன்றரை லட்சம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் பதின்மூன்றரை லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய். விடுதி, சாப்பாடு, பஸ் கட்டணம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி ஈடு கேட்கும். உங்கள் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வந்த காரணம் அதுதான்.

"மாமா பையன் எடுக்கிற சம்பளத்துக்கு இதெல்லாம் தூசுங்க சார்" என்றார் அப்பா. மாமா பையன் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தான், கவுன்சலிங்கில் கிடைத்த சீட்டா, காசு கொடுத்த சீட்டா என்று கேட்டேன். பதில் வரவில்லை. சொந்தக்காரர்கள் சொல்லும் கதைகளில் சம்பளத் தொகை மட்டும் துல்லியமாக இருக்கும். மற்றதெல்லாம் மங்கல்தான்.

பிள்ளைக்குக் கோடிங்கில் வெறி இருந்து, கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். அது வேறு கதை. இந்தப் பெண்ணுக்குக் கணக்கு ஏதோ வந்தது, அவ்வளவுதான். ஆனால் அவள் தன் அத்தையின் மசாலாப் பொடி வியாபாரத்துக்குச் செய்திருந்த ஒரு தளத்தைப் போனில் காட்டினாள். முழுக்கத் தமிழில். ஒரு இடத்தில் வரிகளுக்கு நடுவே ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கிறாய் என்று சும்மா கேட்டேன். "பருப்புப் பொடியில வர்ற 'பு' கீழ இறங்குது சார், அடுத்த வரியில இருக்கிற 'கி', 'சீ' மேல போய் இடிக்குது. அதான் 1.7 வெச்சேன்" என்றாள். அதுவரை ஜன்னலைப் பார்த்திருந்த பெண் அப்போதுதான் என்னைப் பார்த்துப் பேசினாள்.

இந்தக் கண் பத்து லட்சம் கொடுத்தாலும் வாங்கக் கிடைக்காது. அதனால் இனி அப்பாவுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனர் என்றதும் எல்லோருக்கும் வெளிநாட்டு டாலர்தான் நினைவுக்கு வருகிறது. ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்து உட்கார்ந்தால் உலகம் முழுக்க இருப்பவர்களோடு விலைப் போட்டி. கிடைக்கும் தொகையிலும் 20 விழுக்காடு அவர்களுக்குப் போய்விடும். அந்த வழியைப் பற்றி யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, கண் முன்னால் கிடந்தும் யாரும் குனிந்து எடுக்காத வேலை: தமிழில் ஒழுங்காக ஒரு இணையதளம் செய்து கொடுப்பது.

நம் ஊர்த் தளங்களைத் திறந்து பாருங்கள். ஆங்கிலத்துக்கு வரைந்த டெம்ப்ளேட்டில் தமிழைத் திணித்திருப்பார்கள். மெனுவில் ஆங்கிலத்தில் 'About' என்று ஐந்து எழுத்து இருந்த இடத்தில் 'எங்களைப் பற்றி' வந்து, போன் திரையில் இரண்டு வரியாக மடிந்து தொங்கும். ஆங்கிலத்தில் தலைப்பைத் தனித்துக் காட்டப் பெரிய எழுத்து உண்டு. தமிழில் அந்த வசதி இல்லை, பருமனையும் அளவையும் நிறத்தையும் வைத்துத்தான் வேறுபாடு காட்ட முடியும். சாய்வெழுத்து நம் அச்சு மரபில் இல்லாதது. சாய்க்கச் சொன்னால் பிரவுசர் பொய்யாகச் சாய்த்து வைக்கும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிமனாக்கச் சொன்னாலும் அதே கதை, 'ணை'யின் சுழி அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். இத்தனைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், காட்டமரான், ஹிந்த் மதுரை என்று நல்ல எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. எதை எங்கே போடுவது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

இன்னும் உள்ளே போனால் சுவாரசியம் கூடும். 'கீர்த்தனா' என்ற பெயர் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையின் கணக்கில் ஒன்பது, ஏனென்றால் 'கீ'யின் சுழியும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு எட்டு எழுத்துப் போதும் என்று ஒருவர் எல்லை வைத்தால் கீர்த்தனா 'கீர்த்தன' ஆகிவிடுவாள். ஒரு பதிப்பகத்தின் நூல் பட்டியலை அகர வரிசையில் அடுக்கச் சொல்லிப் பாருங்கள். யூனிகோடில் புள்ளிக்குறி கடைசியில் இருக்கிறது. எண் வரிசைப்படியே அடுக்கினால் 'பகல்' முன்னாலும் 'பக்கம்' பின்னாலும் வரும். நம் அகராதியில் 'பக்கம்'தான் முதலில். 'ன' கடைசியில் இல்லாமல் 'ந'வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழ் தெரியாத புரோகிராமருக்கு இதில் தப்பு இருப்பதே தெரியாது. இதைச் சரிசெய்யும் வழிகள் உண்டு, பெரிய வித்தையும் இல்லை. ஆனால் முதலில் அது கண்ணில் உறுத்த வேண்டுமே!

பழைய எழுத்துரு விவகாரம் ஒரு தனிச் சுரங்கம். நம் ஊர் டி.டி.பி. கடைகளிலும் அச்சகங்களிலும் பாமினி, ஸ்ரீலிபி, வானவில் என்று இருபது முப்பது வருடக் கோப்புகள் மலைபோலக் கிடக்கின்றன. அவற்றில் பல, திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். அப்படியே இணையத்தில் ஏற்றினால் கூகுள் தேடலில் அகப்படாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை ஆங்கிலக் குப்பையாகப் படிக்கும். பள்ளி ஆண்டு மலர்கள், சித்த வைத்தியசாலைக் குறிப்புகள், சின்னப் பதிப்பகங்களின் விலைப்பட்டியல் எல்லாம் இப்படித்தான் அடைபட்டுக் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றுப்பிழை பார்த்து, தேடினால் கிடைக்கும்படி வலையேற்றிக் கொடுத்தால் அதற்குக் காசு தர ஆள் இருக்கிறது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழி என்பதையும் மறக்க வேண்டாம். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிகள்கூட இருக்கின்றன. (நான் சொன்னதும் அந்த அம்மா நம்பவில்லை. பெண் போனில் காட்டினாள்.)

திரைவாசிப்பான் என்றேனே, அதையும் கற்றுக்கொள் அம்மா. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு சொல் எழுதாமல் விட்டால், அந்தக் கருவி எந்தக் குரலில் படிப்பது என்று தெரியாமல் தடுமாறும். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பும் சொல்லிவிட்டது. நிறுவனங்கள் இதற்கு ஆள் தேடப்போகின்றன. தமிழும் இதுவும் சேர்ந்து தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மாமாவின் அடுத்த அம்பு எனக்குத் தெரியும். ஏ.ஐ. வந்துவிட்டது, இனி வெப்சைட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? உண்மைதான், ஐந்து பக்க ரெடிமேட் தளத்துக்கான கூலி இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் இறங்கும். ஆனால் அதே கத்தி, சி.எஸ். முடித்துப் புதிதாக வேலைக்குச் சேரும் பையனின் கழுத்துக்கும் நீட்டியிருக்கிறதே, அதை மாமா சொன்னாரா? கடன் இல்லாதவர் தொழிலை மாற்றிக்கொண்டு பிழைப்பார். மாதம் 17,800 கட்ட வேண்டியவர் எங்கே நகர்வார்?

பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு, அரசுத் தேர்வு, வெளிநாடு, எல்லாவற்றுக்கும் ஒரு டிகிரி கேட்பார்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. இரண்டிலும் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் நான்கு வருடப் பட்டப்படிப்பு உண்டு. வரைதிறனைச் சோதித்துத்தான் சேர்ப்பார்கள். அரசுக் கட்டணம், நீங்கள் காட்டிய தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. கரூரிலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் போய்விடலாம். நான் சொன்னதும் அப்பா, "படம் வரையற காலேஜுங்களா?" என்றார். ஆமாங்க, படம் வரைகிற காலேஜ்தான். எழுத்து, இடைவெளி, நிறம் மூன்றையும் கையால் கற்றுக்கொடுக்கும் இடம். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள எம்.டி.என். போன்ற இலவசத் தளங்களே போதும். எண்பதாயிரம் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் சான்றிதழ் தரும் கோச்சிங் சென்டர் பக்கம் போகவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

இனி காசு. ஃப்ரீலான்ஸில் தோற்பவர்களில் பலர் திறமை இல்லாமல் தோற்பதில்லை, கேட்கக் கூச்சப்பட்டுத் தோற்கிறார்கள். அத்தையிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டேன். "அத்தைகிட்டப் போய் எப்படிங்க சார்..." என்று இழுத்தாள். இந்த வார்த்தையை விடாவிட்டால் இந்தத் தொழிலே உனக்கு வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான். ஆனால் அப்பாவைப் பாருங்கள், கம்பெனிக்காரர் மச்சானாகவே இருந்தாலும் பீஸுக்கு இவ்வளவு என்று பேசாமல் ஊசியில் நூல் கோப்பாரா?

வேலையைத் தொடங்கும் முன் பாதிப் பணம். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் மின்னஞ்சலிலேயே பதிவு செய்ய வேண்டும். தன் பெயரில் பதிந்துவிட்டு டிசைனர் மறைந்துபோனதால் முகவரியையே இழந்த கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடு. அதன் பிறகும் அவர் உன்னிடமே வருகிறார் என்றால் அதுதான் உன் தொழில்.

சோறு போடப்போவது ஆண்டுப் பராமரிப்பு. தளம் செய்து கொடுத்துவிட்டு ஓடிப்போகாமல், விலைப்பட்டியல் மாற்றுவது, தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் புதுப்பிப்பது, காப்பு நகல் எடுப்பது, தீபாவளிக்குப் புதுப் படம் போடுவது என்று வருடத்துக்கு ஒரு தொகை பேசிவிட வேண்டும். முப்பது வாடிக்கையாளர், ஆளுக்கு வருடம் 8,000 என்றாலே 2,40,000 ரூபாய். புதுத் தளங்களுக்கான கூலி இதற்கு மேல். முப்பது பேர் சேர மூன்று நான்கு வருடம் ஆகலாம், அதாவது படிப்பு முடிகிற காலம். முதல் வருடம் கையில் ஒன்றும் பெரிதாக நிற்காது, அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வருட வரவு 20 லட்சம் வரைக்கும் சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, அதனால் அந்தப் பயம் இப்போது வேண்டாம். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதினால் போதும்.

கரூரில் திரைச்சீலைக் கம்பெனிகள், பஸ் பாடி கட்டும் பட்டறைகள், கொசுவலை நெய்பவர்கள் என்று முதல் முப்பது பேரும் உங்கள் தெருவைச் சுற்றியே இருக்கிறார்கள். அப்பாவுக்கு அவர்களில் பாதிப் பேரைத் தெரியும். பத்திரத்தை அடகு வைப்பதைவிட அந்தப் பழக்கத்தைப் பெண்ணுக்குக் கொடுங்கள்.

கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்தேன். அத்தையின் தளத்துக்கு ஒரு பில் போட வேண்டும். தொகையை அவளே முடிவு செய்ய வேண்டும், அத்தையிடம் அவளே நேரில் கொடுக்க வேண்டும். அப்பா குறுக்கே பேசக் கூடாது. அடுத்த மாதம் வரும்போது பத்திர நகல் வேண்டாம், அந்தப் பில்லின் அடிக்கட்டையைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

படியிறங்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "அவ அத்தை எங்க அக்காங்க சார். நாஞ்சொல்லிக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லட்டுங்களா?"

"பேசக் கூடாதுன்னு சொன்னேனுங்களே" என்றேன்.