கொழும்புச் சம்பள ஆய்வைத் திருகோணமலையில் அப்படியே போடலாமா?

வணக்கம். உங்கள் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் உத்தியோகத்தர் விலகப் பார்க்கிறார், கொழும்புச் சம்பள ஆய்வின் சராசரியைக் கொடுத்து நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

சராசரியை விட்டுவிடுங்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்தாலே அது மேலே ஏறிவிடும். உங்கள் அளவு சொத்துள்ள சங்கங்களின் இடையத்தை, அதாவது சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதைப் பாருங்கள். பதவிப் பெயரையும் நம்ப வேண்டாம். கொழும்பில் விண்ணப்பக் கோப்பை மட்டும் பார்ப்பவருக்கும், காலையில் காசாளராக இருந்துவிட்டு மாலையில் கிண்ணியா, மூதூர் என்று அறவீட்டுக்கு அலைபவருக்கும் ஆய்வில் ஒரே பெயர்தான். வேலைகளை எழுதிவைத்து ஒப்பிடுங்கள்.

சலுகைகளில்தான் சங்கங்களின் பணிப்பாளர் சபைகள் கோட்டை விடுகின்றன. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தொழில்தருநர் கட்டுவது சட்டக் கடமை. அதைப் போய்ச் சலுகை என்று அவரிடம் காட்டாதீர்கள்! மருத்துவக் காப்புறுதி, எரிபொருள் கொடுப்பனவு, குறைந்த வட்டி ஊழியர் கடன் ஆகியவற்றை ரூபாயாக்கிக் கூட்டிப் பாருங்கள்.

ஆய்வு 2022 விலையேற்றத்துக்கு முந்தியது என்றால் குப்பைக் கூடையில் போடலாம். திருகோணமலை நகரிலுள்ள வங்கி, குத்தகைக் கம்பனிக் கிளைகள் என்ன தருகின்றன என்றும் விசாரியுங்கள். உங்கள் ஆள் தாவப்போவது பெரும்பாலும் அங்கேதான். சபைக்கு ஒரே தொகையாக அல்லாமல் குறைந்தது, கூடியது என்ற வீச்சாக வையுங்கள். அடிப்படைச் சம்பளம் கூடினால் நிதிப் பங்களிப்பும் கூடவே ஏறும், அதையும் வரவுசெலவில் சேர்த்துவிடுங்கள்.