தாத்தாவின் மழையும் இந்த ஆண்டின் உறுதிமொழியும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தாத்தா வானத்தைப் பார்த்தே மழை வருமா வராதா என்று சொல்லிவிடுவார். பாட்டிக்குப் பெயர் தெரியாத செடி இருந்ததில்லை. நானோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். ஒவ்வொரு புத்தாண்டிலும் ‘இனி இயற்கையோடு வாழ்வேன்’ என்று உறுதி எடுக்கிறேன். இரண்டாம் மாதத்தைத் தாண்டுவதில்லை. முன்னோர் வழியைத் தொடரும்படியாகவும் நிலைக்கும்படியாகவும் ஓர் உறுதிமொழி சொல்வீர்களா?

பதில்: ‘இயற்கையோடு வாழ்வேன்’ என்பது நல்ல விருப்பம். ஆனால் எந்தக் கிழமை, எந்த இடத்தில், என்ன செய்யப்போகிறீர்கள் என்பது அதில் இல்லை. உங்கள் தாத்தா அப்படியொரு உறுதிமொழி எடுத்திருக்க மாட்டார். இன்று விதைக்கலாமா, களத்தில் காய்வதை வாரிவிட வேண்டுமா என்பதை மேகமே தீர்மானித்ததால் அவர் அண்ணாந்து பார்த்தார். அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லாதபோது அவருடைய வாழ்க்கையை அப்படியே வாழ்ந்துகாட்ட முயன்றால் சலிப்புதான் மிஞ்சும். அவரிடமிருந்து நீங்கள் பெற்றுக்கொள்ளக்கூடியது, பெற்றுக்கொள்ளவும் வேண்டியது, அந்தக் கூர்ந்த கவனம் ஒன்றைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-ஆம் ஆண்டு வசந்தத்தின் அறிகுறிகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். ஓக் மரம் துளிர்த்த நாள், தகைவிலான் குருவி திரும்பி வந்த நாள், குயிலின் குரல் முதலில் கேட்ட நாள், தவளை கத்தத் தொடங்கிய நாள் என ஒவ்வோர் ஆண்டும் எழுதினார். 1797-இல் அவர் மறைந்த பிறகு குடும்பத்தினர் அந்தப் பதிவைக் கையில் எடுத்து, இடையில் பல ஆண்டுகள் விடுபட்டபோதும் மீண்டும் தொடர்ந்து, 1958 வரை கொண்டுவந்தார்கள். வெப்பநிலை உயரும்போது மரங்கள் எவ்வளவு முன்னதாகத் துளிர்க்கின்றன என்பதை ஆராயும் அறிவியலாளர்களுக்கு இன்று அது அரிய சான்றாக இருக்கிறது. அந்தக் குடும்பம் செய்ததெல்லாம் பார்த்ததும், தேதியோடு எழுதியதும்தான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் உறுதிமொழி இது: உங்கள் சன்னலிலிருந்தோ அன்றாடம் போகும் வழியிலோ தெரியும் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள்; ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கியதும் அதன் அருகே சென்று, துளிர், பூ, காய், இலையுதிர்வு, வந்தமர்ந்த பறவை ஆகியவற்றில் கண்டதைத் தேதியிட்டு இரண்டு வரி எழுதுங்கள். ‘இன்னது முடிந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சிட்ட திட்டங்கள் வெறும் விருப்பங்களைவிடப் பெரிதும் நிறைவேறுகின்றன என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே நோட்டின் கடைசிப் பக்கங்களைத் தாத்தாவுக்கு ஒதுக்குங்கள். ‘தட்டான் தாழப் பறந்தால் மழை’ என்பதுபோல அவர் சொன்னவற்றில் நினைவிருப்பதை எழுதி, தட்டான் தாழப் பறந்த நாள்களில் மழை பெய்ததா இல்லையா என்று எதிரே குறித்து வாருங்கள். அவருடைய சொல்லை வணங்கி மூடிவைப்பதைவிட இப்படிச் சோதித்துப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. பலிக்காதவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: எந்தப் பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் படிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், மாறிய தோற்றத்துக்குத் தம் நோயாளிகள் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆவதாக எழுதினார்; ‘குறைந்தது’ என்ற சொல் வாய்வழிப் பரவலில் உதிர்ந்துபோயிற்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தினமும் செய்பவர்களுக்கே இவ்வளவு காலம் என்றால், வாரம் ஒருமுறை செய்வது படிய ஓர் ஆண்டு முழுவதும் தேவைப்படலாம். எனவே முதல் மாதத்தில் சிரமமாக இருப்பதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் முன்னோர் வேட்டைக்காரர்கள். பறவை, விலங்குகளைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் கொல்வதற்காகக் கற்றது. அதை எப்படி நான் பெருமையோடு தொடர்வது?

பதில்: உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன், கொல்வதைத் தொடர வேண்டாம். ஆனால் அந்த அறிவை அதனோடு சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள். பறவையியலாளர் சாலிம் அலி, வேட்டையில் ஈடுபாடு கொண்ட தாய்மாமனின் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்று அறிய, மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே தொடங்கிய ஆர்வமே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

உங்கள் அப்பா நலமாக இருந்தால், மாதம் ஒருமுறை காலையில் அவரோடு நடக்கப் போவதை உங்கள் உறுதிமொழியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து ‘பழைய கதை சொல்லுங்கள்’ என்று கேட்டால் ஏற்கெனவே பலமுறை கேட்ட கதைகளே வரும். ஈர மண்ணில் பதிந்த ஒரு காலடித் தடத்துக்கு முன்னால் நின்று, இது எந்த விலங்கு, எப்போது போனது, எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே கைப்பேசியில் பதிந்து, வீட்டுக்கு வந்ததும் தேதியோடும் இடத்தின் பெயரோடும் எழுதிவையுங்கள். தடத்தைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்க மறவாதீர்கள். அளவு தெரியாத தடத்தைப் பின்னர் இனங்காண்பது கடினம்.