கருவேல முள்ளைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மீன்குஞ்சு விட்டு ஐந்து மாதம் ஆகிறது. பத்து நாளாக ரோகு துள்ளித் துள்ளி விழுகிறது, முள் கிளையில் உடம்பைத் தேய்க்கிறது. தவிடும் பிண்ணாக்கும் மிஞ்சுகிறது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தைக் குட்டையில் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா? இந்த மீனைச் சாப்பிடலாமா?
- ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: ஊற்றாதீர்கள். முதலில் ஒரு ரோகுவைப் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செதில் மாதிரியே ஒன்று நகரும். நகத்தால் வழித்து வெள்ளைத் தட்டுத் தண்ணீரில் விட்டால் சுற்றிச் சுற்றி நீந்தும். தலையில் இரண்டு கறுப்புக் கண் தெரியும். அதுதான் மீன் பேன், ஆர்குலஸ். பேர்தான் பேன், உண்மையில் இறால், நண்டுக்குச் சொந்தக்காரன். ஊசி வாயால் குத்தி இரத்தம் குடிக்கும். குத்திய இடத்தில் பாக்டீரியா ஏறினால் புண்ணாகும். கெண்டை வகையில் ரோகுவுக்குத்தான் இதன் தொல்லை அதிகம்.

நான் முதன்முதலில் குட்டை எடுத்தபோது, ஒரு பண்ணையில் வாங்கிய விரலிகளை, அதாவது விரல் நீளக் குஞ்சுகளை, பார்க்காமல் கொள்ளாமல் பையோடு கவிழ்த்தேன். முக்கால் கிலோ வரவேண்டிய ரோகு கால் கிலோவில் நின்றுவிட்டது. நான் தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்! அறுவடைக்காக, வலை வீசி மீன் திருடுகிறவனுக்குப் பயந்து போட்டிருந்த கருவேல முள்ளை இழுத்துக் கரையில் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கிளை முழுக்க வரிசை வரிசையாக முட்டை. கட்டைவிரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி நறநறவென்றது. பெண் பேன் மீன் உடம்பில் முட்டை வைப்பதில்லை. இறங்கிப் போய்க் கல், கம்பு, முள் என்று கெட்டியான எதிலாவது நூற்றுக்கணக்கில் ஒட்டிவைக்கும்.

உங்கள் மருந்து பேனைக் கொன்றாலும் முட்டை பிழைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் புதுக்கூட்டம் வரும். அளவு தப்பினால் மீனே மிதக்கும். தப்பாவிட்டாலும் கட்லா தின்கிற மிதவைப் பூச்சிகள் காலி.

அதனால் பேன் முட்டை வைக்கிற இடத்தையே பொறியாக்குங்கள். பழைய முள்ளை எடுத்து எரித்துவிட்டு, மூங்கில் தட்டிகளைக் கரையோரம் நட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை பிடுங்கிக் கரையில் போட்டு, சுரண்டி, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிட்டுத் திரும்ப நடுங்கள். இரண்டு செட் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். அலுப்பான வேலைதான், இரண்டு மாதமாவது விடாமல் செய்யவேண்டும். மருந்து கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்தால், மீனைக் கையோடு கொண்டுபோய் மீன்வளத் துறை அலுவலரிடம் காட்டி அளவு கேளுங்கள். அறுவடை முடிந்ததும் தரை வெடிக்கும்வரை குட்டையைக் காயப்போட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள்.

அடுத்த தடவை விரலி வாங்கும்போது 100 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ கல்லுப்பைக் கரைத்து இரண்டு நிமிடம் முக்கி எடுங்கள். குஞ்சு திணறினால் உடனே எடுத்துவிடுங்கள். எல்லாப் பேனும் உதிராது. ஆனால் உப்புத் தண்ணீரில் பேன் மிதந்தால் அந்தப் பண்ணைக் குஞ்சு வேண்டாம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சாப்பிடலாமா என்றால், தாராளமாக. இந்தப் பேன் மனிதர்மேல் ஒட்டாது, மீனின் சதைக்குள்ளும் போகாது. புண் வைத்த மீனை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றதைச் செதில் உரசிக் கழுவிக் குழம்பு வையுங்கள். வியாபாரிதான் சிவப்புப் புள்ளியைக் காட்டி விலையைக் குறைப்பார். மருந்தை ஊற்றிவிட்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு.