கிங்ஸ் ஆட்டத்தின் விதிகள் என்ன? குடிக்காதவரும் உட்கார்ந்து ஆடலாமா?

வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கூடத் தங்கியிருக்கும் பையன்கள் சனிக்கிழமை ராத்திரி சீட்டுக்கட்டை விரித்து ஏதோ குடி விளையாட்டு ஆடுகிறார்கள், யார் எதற்குக் குடிக்கிறார்கள் என்றே புரியவில்லை, எனக்குக் குடிப் பழக்கமும் இல்லை, சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு கிளாஸ், அதைச் சுற்றிக் கவிழ்த்து வைத்த சீட்டுகள், ராஜா வந்தால் கூச்சல் என்று நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது கிங்ஸ்தான். கிங்ஸ் கப், ரிங் ஆஃப் ஃபயர் என்றும் சொல்வார்கள். தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். குடிக்காத ஓர் ஆள் இருந்தால்தான் அந்த ஆட்டமே உருப்படியாக நடக்கும் என்பது என் கட்சி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், முதலில் விதிகள்.

ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டையும் குலுக்கி, நடுக் கிளாஸைச் சுற்றி வட்டமாகக் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். முறை வைத்து ஆளுக்கு ஒரு சீட்டாக எடுத்து எல்லோரும் பார்க்கத் திருப்ப வேண்டும். இஸ்பேடா, ஆட்டினா என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை, எண்தான் கணக்கு. எந்த எண்ணுக்கு என்ன வேலை என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதனால் முதல் சீட்டைத் தொடும் முன்பே பதின்மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க "எங்க காலேஜ்ல இப்படித்தான்" என்று பஞ்சாயத்துதான் நடக்கும்.

சின்ன எண்கள் சுலபம். 2 வந்தால் எடுத்தவர் யாரைக் கை காட்டுகிறாரோ அவர் ஒரு மடக்கு குடிக்க வேண்டும். 3 வந்தால் எடுத்தவரே. 4 வந்தால் எல்லோரும் தரையைத் தொட வேண்டும், 7 வந்தால் கையை மேலே தூக்க வேண்டும், இரண்டிலும் கடைசி ஆளுக்கு ஒரு மடக்கு. 5 ஆண்களுக்கு, 6 பெண்களுக்கு என்பது வழக்கமான விதி. இதை நான் எந்த வீட்டிலும் ஏற்றுக்கொள்வதில்லை. ஏழு பேரில் ஒரே ஒரு பெண் இருந்தால் ஒவ்வொரு ஆறுக்கும் எல்லோரும் அந்தப் பெண்ணையே பார்ப்பார்கள், பார்க்கவே சகிக்காது. நாங்கள் 5 என்றால் திருச்சிக்குத் தெற்கே உள்ளவர்கள், 6 என்றால் வடக்கே உள்ளவர்கள் என்று மாற்றிக்கொண்டோம். திருச்சிக்காரர்கள் எந்தப் பக்கம் என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

8 கூட்டாளி. எடுத்தவர் ஒருவரைக் கூட்டாளி என்று அறிவித்துவிட்டால், அதற்கப்புறம் இவர் குடிக்கும்போதெல்லாம் அவரும் குடிக்க வேண்டும். அடுத்த எட்டு வரும் வரைக்கும் இந்தக் கட்டு நீடிக்கும். சில வீடுகளில் கூட்டாளிக்குக் கூட்டாளி என்று சங்கிலி போட்டு, ஒருவன் குடித்தால் நான்கு பேர் குடிக்கும்படி ஆக்கிவிடுவார்கள். அதைக் கேட்டாலே எழுந்துவிடுங்கள்.

9 இந்த ஆட்டத்தின் உயிர். ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல, அடுத்தவர்கள் வரிசையாக அதோடு ஒலி ஒத்துப்போகும் சொல்லைச் சொல்ல வேண்டும், திக்கியவருக்கு மடக்கு. தமிழில் ஆடும்போது எதுகை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் "பட்டு" என்று ஆரம்பித்தால் தீர்ந்தது கதை. கட்டு, தட்டு, முட்டு, லட்டு, எட்டு, திட்டு, வெட்டு, கொட்டு என்று சுற்று முடியவே முடியாது. அப்போது எவனாவது "பாட்டு" என்பான், தமிழ் மீடியத்தில் படித்தவன் ஒருவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "முதல் எழுத்து குறில்னா எல்லாமே குறிலாத்தான் இருக்கணும், பாட்டு செல்லாது, குடி" என்பான். அவன் சொல்வதுதான் இலக்கணப்படி சரி. இருந்தாலும் அந்த இடத்தில் பத்து நிமிஷம் வாதம் நடக்காமல் எந்த ஆட்டமும் முடிந்ததில்லை. "ட்டு" தடை, மூன்று எண்ணுவதற்குள் சொல்ல வேண்டும் என்று இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் ஒன்பது சூடு பிடிக்கும்.

10 பட்டியல். எடுத்தவர் ஒரு தலைப்பு கொடுப்பார், ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏற்கெனவே சொன்னதைச் சொன்னாலோ மாட்டிக்கொண்டாலோ மடக்கு. கார் கம்பெனி, பழம் என்று கேட்பது சப்பென்று இருக்கும். பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் உள்ள ரயில் நிலையங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கன்டோன்மென்ட், கே.ஆர்.புரம், பங்காருப்பேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று பெரிய ஊர்கள் சட்டென்று காலியாகிவிடும். அப்புறம் வாணியம்பாடியா ஆம்பூரா என்று தடவிக்கொண்டிருக்கையில் ஆம்பூர்க்காரன் ஒருவன் விண்ணமங்கலம், பச்சக்குப்பம் என்று அடுக்க ஆரம்பிப்பான்.

ஜாக்கி வந்தால் எடுத்தவர் புதிதாக ஒரு விதி போடலாம், ஆட்டம் முடியும் வரை அது அமலில் இருக்கும். இங்கே மிகவும் எடுபடுவது ஒரு சொல்லுக்குத் தடை போடுவது. "மச்சி"யைத் தடை செய்த ஒரு ராத்திரியில் ஆளாளுக்கு "ஐயா", "தாங்கள்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். "டிராஃபிக்" என்ற சொல்லைத் தடை செய்தால் இந்த ஊரில் யாராலும் ஐந்து நிமிஷம் தாங்க முடியாது.

ராணி வந்தால் எடுத்தவர்தான் அடுத்த ராணி வரும் வரை கேள்வி நாயகம். அவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் மடக்கு. சும்மா இருந்துவிட்டு, எல்லோரும் மறந்த நேரத்தில் "பிரியாணி எங்கப்பா வருது?" என்று கேட்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருப்பவன் தலையைத் தூக்காமலே "சில்க் போர்டு தாண்டிட்டான்" என்பான். அவ்வளவுதான், கிளாஸ் தானாக அவன் கைக்குப் போய்விடும்.

மிச்சம் இருப்பது ஆஸும் ராஜாவும். தொல்லையெல்லாம் இந்த இரண்டில்தான். ஆஸ் என்றால் அருவி: எடுத்தவர் குடிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் ஆரம்பிக்க வேண்டும், அவர் நிறுத்தினால்தான் அடுத்தவர் நிறுத்தலாம், அவர் நிறுத்திய பிறகு அதற்கடுத்தவர். வரிசையில் கடைசி ஆள் பாடு திண்டாட்டம். ராஜா என்றால் எடுத்தவர் தன் கிளாஸிலிருந்து கொஞ்சத்தை நடுக் கிளாஸில் ஊற்ற வேண்டும். நான்காவது ராஜாவை எடுப்பவர் அந்தக் கலவை முழுவதையும் குடித்தாக வேண்டும், அதோடு ஆட்டம் முடிந்தது. ஒருவன் ஓல்ட் மங்க், ஒருவன் பீர், ஒருவன் ஓட்கா என்று ஊற்றியது அதில் எத்தனை பெக் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கிளாஸைத் தூக்கும் நேரத்தில் கேட்கும் நிலையிலும் யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அருவிக்குத் தண்ணீர் மட்டும். நடுக் கிளாஸில் மோர், ரசம், எலுமிச்சை ஜூஸ், மிளகுத்தூள் என்று எதை வேண்டுமானாலும் ஊற்றலாம், சரக்கு மட்டும் கூடாது. நான்காவது ராஜாவை எடுத்தவன் முகம் போகும் போக்கில் குறை ஒன்றும் வராது, மட்டையாகவும் மாட்டான்.

இதை நான் ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். நம் ஊர் ரம், விஸ்கியில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், பாட்டிலிலேயே போட்டிருக்கும். 30 மில்லி ஸ்மாலில் அது சுமார் 10 கிராம். "பீர்தானே" என்று அலட்சியமாக எடுக்கும் 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் 40 கிராம், அதாவது நான்கு ஸ்மால். கல்லீரல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஸ்மாலைத்தான் கழிக்கும், அதை அவசரப்படுத்த வழியில்லை. எலுமிச்சையும் கறுப்புக் காபியும் தூக்கத்தைக் கலைக்கலாம், ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. குடித்தது முழுதாக ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் சீட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆறு பேர் ஒரு கட்டை முழுதாக ஆடினால் அருவியை விட்டுவிட்டாலும் தலைக்குப் பத்துப் பதினைந்து மடக்கு வரும். மடக்கு 20 மில்லி என்று வையுங்கள், பதினைந்துக்கு மொத்தம் 300 மில்லி. சாதாரண பீரில் அது ஒரு சின்ன பாட்டில்கூட ஆகாது. அதையே ராவாக ரம்மில் ஆடினால் பத்து ஸ்மால், முக்கால் மணி நேரத்துக்குள். ஆட்டம் ஒன்றேதான், கிளாஸில் இருப்பதை வைத்துத்தான் அது சிரிப்பாகவோ ஆஸ்பத்திரியாகவோ முடிகிறது. அதனால் ராவாக ஆடக் கூடாது, கிளாஸை அடிக்கடி நிரப்பக் கூடாது, "இன்னும் ஊத்து" என்று அடுத்தவன் கிளாஸில் யாரும் கை வைக்கக் கூடாது. வெறும் வயிற்றில் உட்காராதீர்கள். சைட் டிஷ்ஷாகக் கடலையும் ஊறுகாயும் போதாது, பிரியாணி ஆட்டத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும்.

இப்போது நீங்கள். உங்கள் கிளாஸில் மோசம்பி ஜூஸோ ஜீரா சோடாவோ இருக்கட்டும். விதியெல்லாம் உங்களுக்கும் ஒன்றுதான்: திக்கினால் மடக்கு, கடைசியில் கை தூக்கினால் மடக்கு. கிண்டல் செய்வார்கள், முதல் கால் மணி நேரம். அப்புறம் ஒன்பதிலும் பத்திலும் ராணியிலும் நீங்கள் ஒருவரையும் விடாமல் வீழ்த்துவீர்கள், ஏனென்றால் தெளிவாக இருப்பது நீங்கள் ஒருவர்தான். யார் யாருக்குக் கூட்டாளி, ஜாக்கிக்கு என்ன விதி போட்டார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும், அந்த நடுவர் பதவி தானாக உங்களிடம் வரும். ஒரே ஓர் எச்சரிக்கை. உங்களுக்குத் தெரியாமல் ஜூஸில் கலக்கும் ஆள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள், "தமாஷுக்குப் பண்ணோம்" என்பதை ஏற்க வேண்டியதில்லை.

யாராவது அளவு மீறிவிட்டால் "தூங்கட்டும் விடு" என்று மல்லாக்கப் படுக்கவைத்துப் போய்விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒருவர் கூடவே இருக்க வேண்டும், வாந்தி மூச்சுக்குழாயில் போவதுதான் பெரிய ஆபத்து. உலுக்கினாலும் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்து, உடம்பு சில்லிட்டிருந்தால் யோசிக்காமல் 108.

வண்டியை யாரும் தொடக் கூடாது என்பதையும் ஜாக்கி வருவதற்கு முன்பே விதியாகப் போட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம், முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. ஸ்கூட்டருக்கும் இதேதான். சத்தம் இன்னொரு விஷயம். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தக் கட்டுப்பாடு சட்டத்திலேயே இருக்கிறது, அதற்கும் முன்னால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்றாவது மாடி அங்கிள் எழுதிவிடுவார். தரையைத் தொடும் நான்கு வந்தால் கீழ்வீட்டில் இடி விழுந்த மாதிரி கேட்கும், ஜமுக்காளம் விரித்து ஆடுங்கள்.

வேறு விளையாட்டுகளுக்கும் கூப்பிடுவார்கள். பீர் பாங்கில் எதிரெதிரே முக்கோணமாகப் பத்துப் பத்து கிளாஸ் வைத்து, எதிரணிக் கிளாஸில் பிங்பாங் பந்தை எறிய வேண்டும், விழுந்த கிளாஸை எதிரணி குடித்து ஓரம் வைக்கும். பந்து தரையெல்லாம் உருண்டு வருவதால் கிளாஸில் தண்ணீரை வைத்துக்கொண்டு, தங்கள் பானத்தைத் தனியாகக் குடிப்பதே மேல். "நான் இதுவரை செய்ததே இல்லை" என்று ஒருவர் ஒன்றைச் சொல்ல, செய்தவர்கள் குடிக்கும் விளையாட்டை ஆபீஸ் ஆட்கள் இருக்கும் இடத்தில் தவிர்த்துவிடுங்கள். சனிக்கிழமை வெளியே வந்த விஷயம் திங்கட்கிழமை கேன்டீனில் இருக்கும்.

கிங்ஸுக்கு ஐந்தாறு பேராவது வேண்டும். மூன்று நான்கு பேர் என்றால் நமக்குத் தெரிந்த கழுதையே போதும். சீட்டு முழுவதையும் பங்கிட்டு, இஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர் இறங்க வேண்டும், அதே ஜாதிச் சீட்டு இல்லாதவர் வெட்டினால், இறங்கிய ஜாதியில் பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும், கடைசி வரை கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. குடிக்கவே தேவையில்லை, கழுதையானவர் எல்லோர் கிளாஸையும் கழுவ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அதிலேயே கொலைவெறியோடு ஆடுவார்கள்.